தவறு நடந்த இடத்தில் நின்று பார்ப்பது: அணுமின் நிலையங்களில் மனிதப் பிழையை ஆராய ஒரு வழிகாட்டி

அணுமின் நிலையமொன்றில் மூடக் கூடாத வால்வு மூடப்பட்டது, அல்லது ஒரு பொத்தானுக்குப் பதிலாகப் பக்கத்துப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் இரண்டே சொற்கள் இருக்கும்: பணியாளரின் கவனக்குறைவு. ‘நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். சில மாதங்கள் கழித்து வேறொருவர், வேறொரு ஷிப்டில், அதே வால்வை அதே விதமாக மூடுவார். அந்த இரண்டு சொற்களோடு மனநிறைவு அடையாத ஷிப்ட் பொறுப்பாளர்களுக்கும், பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களுக்கும், நிகழ்வுகளை ஆராயும் குழுவில் இடம்பெறுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மனிதக் காரணி உளவியல் என்று பெரிய பெயர் கொண்ட இந்தத் துறையின் நடைமுறைப் பகுதி, பிழை செய்தவர் நின்ற இடத்தில் நாமும் போய் நின்று, அவர் கண்ட அளவுக்கு மட்டுமே காணப் பழகுவதுதான்.

பின்னறிவைத் தள்ளி வைத்தல்

விசாரணையைத் தொடங்கும்போது உங்களுக்கு முடிவு தெரியும். அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுப் பேனல் முன்னால் நின்றவருக்கு அது தெரியாது. முடிவு தெரிந்தவருக்கு எல்லா அறிகுறிகளும் அந்த முடிவையே சுட்டிக்கொண்டிருந்ததாகத் தோன்றும். ‘இதுகூடவா கண்ணில் படவில்லை’ என்ற கேள்வி தானாக வாயில் வரும். உளவியலில் இதைப் பின்னறிவுச் சாய்வு என்பார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் மட்டும் அது நம்மை விட்டு நீங்குவதில்லை. அதைக் கட்டிவைக்க ஒரு உபாயம் வேண்டும்.

ஒரு தாளில் நெடுவாக்கில், பக்கம் பக்கமாக, மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில், அந்த நேரத்தில் நிலையத்துக்குள் உண்மையில் நடந்தது. மூன்றாவதில், அந்த இடத்தில் இருந்தவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது. எழுதி முடித்தபின் இரண்டாவது பத்தியை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, மூன்றாவதை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். அந்தப் பத்தியை மட்டும் படிக்கும்போது அவர் செய்தது பல வேளைகளில் நியாயமாகவே தோன்றும். அப்படித் தோன்றவில்லையென்றால், மூன்றாவது பத்தியில் இன்னும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மறுபடி விசாரியுங்கள்.

இந்த முறை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாம் அலகில் தொடங்கிய விபத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இரண்டாவது பத்தி இப்படி இருக்கும்: நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீரூட்டும் பம்புகள் நின்றன, டர்பைன் நின்றது, உலைச் சுற்றில் அழுத்தம் ஏறியதால் அதைத் தணிக்கும் வால்வு தானாகத் திறந்தது, சில நொடிகளில் உலையும் தானாக நின்றது. அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டிய அந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறத் தொடங்கியது.

இப்போது மூன்றாவது பத்தி. பேனலில் அந்த வால்வுக்குரிய விளக்கு அணைந்தது. விளக்கு எரிந்தால் திறந்திருக்கிறது, அணைந்தால் மூடியிருக்கிறது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது. மூடு என்ற கட்டளை போனதை, மூடிவிட்டது என்ற செய்தியாக அவர்கள் படித்தார்கள். அடுத்து, பிரஷரைசர் எனப்படும் அழுத்தம் காக்கும் கலனில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுக்குள் நீர் கூடுகிறது என்றுதான் அதைப் பார்த்தவர் நினைப்பார். அந்தக் கலன் முழுவதும் நீரால் நிரம்பிவிடக் கூடாது என்பது பயிற்சியில் அவர்கள் மனத்தில் அழுத்திப் பதிக்கப்பட்ட பாடம். ஆகவே தானாக இயங்கத் தொடங்கிய அவசரக் குளிர்விப்பு நீரின் அளவைக் குறைத்தார்கள். வெளியேறிய நீர் போய்ச் சேர்ந்த தொட்டியின் அழுத்தம் உண்மையைச் சொல்லியிருக்கும். அதன் அளவி பிரதான பேனலுக்குப் பின்புறம் இருந்தது. நீர் வெளியேறும் வழியை அடைக்கும் மற்றொரு வால்வு மூடப்பட்டபோது மணி ஏறத்தாழ 6.22. உலையின் எரிபொருள் மையத்தில் பாதியளவு உருகிப்போனது.

இரண்டாவது பத்தியைப் படித்தவர் அந்த ஆபரேட்டர்களைத் திட்டுவார். மூன்றாவதைப் படித்தவர் அந்த விளக்கின் மின்சுற்றைக் காட்டச் சொல்வார். விசாரணைக் குழுவில் இரண்டாம் வகையினர் அதிகம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது தலைவரின் வேலை.

எந்த வகைப் பிழை என்று பிரித்தல்

எல்லாத் தவறுக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் ‘மறுபயிற்சி’ என்ற பரிந்துரையின் குறை. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் விரிவாக எழுதிய வகைப்பாடு இன்றும் போதுமானது. செய்ய நினைத்தது சரி, கை வேறிடத்துக்குப் போய்விட்டது என்றால் அது நழுவல். செய்ய வேண்டிய ஒரு படி நினைவிலிருந்து விழுந்துவிட்டது என்றால் அது மறதி. செய்தது நினைத்தபடியே நடந்தது, நினைப்பே தவறு என்றால் அது தவறான தீர்மானம். விதி தெரிந்தும் அதை ஒதுக்கிவைத்தது விதிமீறல். த்ரீ மைல் ஐலண்டில் நீரைக் குறைத்தவர்களின் கை எங்கும் நழுவவில்லை. அவர்கள் தெளிவாக, தெரிந்தே, தவறான ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அத்தகையவரிடம் ‘இனி கவனமாக இருங்கள்’ என்று சொல்வதில் பொருளில்லை. அதேபோல, முப்பதாண்டு அனுபவமுள்ளவரின் கை பக்கத்துப் பொத்தானுக்குப் போனால் அவரை வகுப்பறையில் உட்காரவைத்து உலை இயற்பியல் நடத்துவதிலும் பொருளில்லை. நழுவல்கள் திறமை மிக்கவர்களிடம்தான் அதிகம் நடக்கும், ஏனெனில் அவர்கள்தான் யோசிக்காமலே செய்யுமளவுக்குப் பழகியவர்கள்.

இதற்குத் துணையாக டென்மார்க்கின் ஜென்ஸ் ராஸ்முசன் வகுத்த மூன்று நிலைகளையும் மனத்தில் கொள்ளலாம்: பழக்கத்தால் செய்வது, தெரிந்த விதியைப் பொருத்திச் செய்வது, விதி எதுவும் பொருந்தாதபோது அடிப்படையிலிருந்து யோசித்துச் செய்வது. மூன்றாவது நிலை மெதுவானது, களைப்பூட்டுவது, பதற்றத்தில் எளிதில் உடைவது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் முதல் அலகில் மின்கலங்கள்வரை சுனாமி நீரில் மூழ்கி பேனல் இருண்டபோது, அவசரக் குளிர்விப்புக்கான கண்டென்சர் வேலை செய்கிறதா இல்லையா என்பதை அங்கிருந்தவர்கள் இந்த மூன்றாவது நிலையில்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. மின்கட்டுப்பாடு இழந்ததும் அதன் வால்வுகள் மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. அன்றைய ஷிப்டில் எவரும் அந்தச் சாதனத்தை நிஜத்தில் இயக்கிப் பார்த்ததில்லை. அவசரகால மையத்தில் இருந்தவர்களோ அது இயங்கிக்கொண்டிருப்பதாகவே வெகுநேரம் நம்பினார்கள். உங்கள் நிலையத்தில் எந்தெந்தச் சாதனங்களை இன்று பணியில் உள்ள எவரும் இயக்கிப் பார்த்ததில்லை என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள்.

பேனலை வாசித்தல்

வகை பிரித்தபின் இடத்துக்குப் போக வேண்டும். முடிந்தால் நிகழ்வு நடந்த அதே நேரத்தில், அதாவது இரவு என்றால் இரவிலேயே போங்கள். அந்த ஆபரேட்டரின் உயரத்தில் நின்று, அவர் பார்த்த கோணத்தில் பாருங்கள். ஒவ்வொரு விளக்கையும் சுட்டி, இது எதை அளக்கிறது என்று கேளுங்கள்: கட்டளையையா, சாதனத்தின் உண்மை நிலையையா? இந்தக் கேள்விக்குப் பேனல் முன் உள்ளவரால் உடனே விடை சொல்ல முடியாத ஒவ்வொரு விளக்கும் ஒரு குறிப்புக்குரியது. அடுத்து, ஒன்றுபோல் தோன்றும் சுவிட்சுகளையும் பொத்தான்களையும் தேடுங்கள். 1985 ஜூன் 9 அதிகாலை 1.35க்கு ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நீரூட்டு நின்றபோது, ஓர் ஆபரேட்டர் துணை நீரூட்டை முன்கூட்டியே இயக்கிவிட நல்லெண்ணத்தோடு விரைந்தார். நீர்மட்டம் குறைந்தது என்ற பொத்தான் சோடியை அழுத்த வேண்டியவர், அழுத்தம் குறைந்தது என்ற சோடியை அழுத்திவிட்டார். அழுத்தம் குறைவது குழாய் உடைப்பின் அறிகுறி என்பதால், அமைப்பு இரண்டு நீராவிக் கலன்களுக்கும் போகும் நீர்வழியை அடைத்துவிட்டது. ஷிப்ட் பொறுப்பாளர் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முனைந்தும், அடைபட்ட வால்வுகள் திறக்க மறுத்ததால் களப் பணியாளர்கள் ஓடிப்போய்க் கையால் திறக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பெரிய நிகழ்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பேனல் தானாகவே புகார் சொல்லும். ஆபரேட்டர்கள் கையால் எழுதி ஒட்டிய சீட்டு, பேனாவால் வரைந்த அம்பு, ஒரு சுவிட்சுக்கு மட்டும் சுற்றிய வண்ண நாடா ஆகிய ஒவ்வொன்றும், இந்த இடத்தில் யாரோ ஏற்கெனவே தடுமாறியிருக்கிறார்கள் என்று சொல்கிறது. அமெரிக்க அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில், பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒரே மாதிரியான இரண்டு நெம்புகோல்களுக்கு ஆபரேட்டர்களே பீர் ஊற்றும் குழாய்களின் கைப்பிடிகளை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் வேறு வடிவம், தொட்டாலே எது என்று தெரியும். தணிக்கைக்கு வருகிறார்கள் என்றதும் இவற்றையெல்லாம் அகற்றிச் சுத்தம் செய்வது வழக்கம். அகற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆய்வறிக்கை அதுதான்.

அலாரங்களைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது ஒன்றே: இது ஒலித்தால் நான் என்ன செய்ய வேண்டும்? எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றால் அது அலாரம் அல்ல, வெறும் தகவல்; அதற்கு மணியடிக்கத் தேவையில்லை. த்ரீ மைல் ஐலண்டில் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் எழுந்தன. அவற்றை அச்சிட்ட கணினி அச்சுப்பொறி ஒரு கட்டத்தில் மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது. அந்த அலாரப் பலகையால் உதவி எதுவும் இல்லை, அதைத் தூக்கி எறிந்துவிடலாம்போல் இருந்தது என்ற பொருளில் ஓர் ஆபரேட்டர் விசாரணைக் குழு முன் சொன்னார். உங்கள் நிலையத்தில் சிமுலேட்டரில், அதாவது கட்டுப்பாட்டு அறையின் பயிற்சி மாதிரியில், ஒரு உலை நிறுத்தத்தை நிகழ்த்தி, முதல் பத்து நிமிடத்தில் எத்தனை அலாரம் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரே மூலக் காரணத்தின் தொடர் விளைவாக வருபவற்றை அடக்கிவைக்கவும், இயல்பு நிலையில் பலகை முழுதும் இருண்டிருக்கவும் வழிசெய்யக் கேளுங்கள். நாட்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும் அலாரம் ஒன்று இருந்தாலும் அதைப் பார்க்காமல் இருக்கக் கண்கள் பழகிவிடும். பிறகு அதன் பக்கத்தில் புதிதாக எரிவதையும் பார்க்காது.

கையேட்டை உரக்கப் படித்தல்

பணி வழிமுறைக் கையேட்டை மேசையில் உட்கார்ந்து மௌனமாகப் படித்துச் சரிபார்ப்பது போதாது. அதைக் கையில் பிடித்து, சாதனத்தின் முன் நின்று, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் ஒவ்வொரு படியையும் சுட்டிக்காட்ட வேண்டும். ‘பம்பை நிறுத்தவும். நிறுத்தும் முன் வெளியேற்ற வால்வு மூடியிருப்பதை உறுதிசெய்யவும்’ என்று ஒரு படி இருந்தால், முதல் வாக்கியம் முடிந்த கணத்தில் கை பம்பை நிறுத்திவிட்டிருக்கும். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். ஒரு படியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். ‘மூடப்படாமல் இல்லை என்பதை’ போன்ற இரட்டை மறுப்பு எங்கும் வரக் கூடாது. முடித்த படியை அடையாளமிட ஓரத்தில் இடம் விடுங்கள், ஏனெனில் இடையில் தொலைபேசி அடித்தால் விழுவது பெரும்பாலும் அடுத்த படிதான்.

அவசரகாலக் கையேடுகளில் இன்னொரு ஆழமான மாற்றம் 1979க்குப் பின் வந்தது. அதற்கு முன் அவை நிகழ்வு வாரியாக எழுதப்பட்டிருந்தன. இன்ன விபத்து என்று முதலில் கண்டறிந்தால்தான் எந்தக் கையேட்டைத் திறப்பது என்று தெரியும். பிறகு அறிகுறி வாரியாக எழுதத் தொடங்கினார்கள்: என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும், உலை அணைந்திருக்கிறதா, எரிபொருளுக்கு நீர் போகிறதா, வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை மீட்டுத் தரும் வழிகள். நோய் இன்னதென்று தெரியும்வரை மூச்சையும் நாடியையும் காக்கும் மருத்துவரின் முறை இது. உங்கள் கையேடு எங்காவது ‘காரணத்தைக் கண்டறிந்தபின்’ என்று தொடங்கினால், கண்டறிய முடியாதபோது என்ன செய்வது என்று எழுதியவரிடம் கேளுங்கள்.

காலமும் இங்கே கணக்கில் வரும். ஆலன் ஸ்வெய்ன், ஹென்றி குட்மன் இருவரும் 1983இல் வெளியிட்ட மனிதப் பிழை மதிப்பீட்டு முறையில், அசாதாரண நிகழ்வொன்றை ஒரு குழு சரியாகக் கண்டறியத் தவறும் வாய்ப்பை நேரத்தோடு இணைத்துக் காட்டினார்கள். அவர்களது அடிப்படைக் கணக்குப்படி முதல் நிமிடத்தில் தவறுவது உறுதி. 10 நிமிடத்தில் பத்தில் ஒன்று. 20 நிமிடத்தில் நூறில் ஒன்று. 30 நிமிடத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஜெர்மனியில் நிலையங்களை வடிவமைக்கும்போது, முதல் 30 நிமிடத்துக்கு ஆபரேட்டரின் கை தேவைப்படாதபடி தானியங்கி அமைப்புகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்ததன் பொருத்தம் இதிலிருந்து புரியும். ஆகவே ‘ஆபரேட்டர் இரண்டு நிமிடத்துக்குள் இதைக் கண்டுபிடித்து அதைத் திறக்க வேண்டும்’ என்று ஒரு பாதுகாப்பு ஆவணம் சொன்னால், அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வடிவமைப்பாளருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இருவர் சேர்ந்து செய்யும் பிழைகள்

‘ஒருவர் செய்ய, இன்னொருவர் சரிபார்க்க’ என்ற பரிந்துரையை விசாரணைக் குழுக்கள் தாராளமாக எழுதும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சாராமல் இயங்கினால், ஆயிரத்தில் ஒருமுறை நிகழும் பிழை பத்து லட்சத்தில் ஒருமுறையாகக் குறையும் என்பது காகிதக் கணக்கு. மேற்சொன்ன ஸ்வெய்ன், குட்மன் முறையே அதை ஒப்புக்கொள்வதில்லை. சார்பு இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம், முழுமை என்று ஐந்து படிகளை வகுத்து, சார்பு அதிகம் என்ற படியில் முதலாமவரின் பிழையை இரண்டாமவர் பாதிக்குப் பாதி வேளைகளில் தவறவிடுவார் என்று கணக்கிடுகிறது. சரிபார்ப்பவர் மூத்தவர் செய்ததை எப்படிச் சந்தேகிப்பது என்று தயங்குவார்; செய்பவரோ, பின்னால் ஒருவர் பார்க்கிறார் என்று தளர்ந்துவிடுவார். இரண்டாமவர் செயலுக்குப் பிறகு வராமல் முன்னால் வர வேண்டும். முதலாமவர் சொல்வதைக் கேளாமல், தானே கையேட்டிலிருந்து சாதனத்தின் எண்ணைப் படித்துப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் அது இரண்டாவது கண்.

தனியாகச் செய்பவருக்கு உலகெங்கும் கற்றுத்தரப்படும் நான்கு படிகள் உண்டு: நில், யோசி, செய், சரிபார். இதில் முதலாவதுதான் கடினம். விரலைப் பெயர்ப்பலகையின் மேல் வைத்து, எண்ணை வாய்விட்டுப் படித்து, கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டபின் மட்டுமே சுவிட்சைத் தொட வேண்டும். புதியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் நூறாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு கைகாட்டியையும் சுட்டி உரக்கச் சொல்லிவருகிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லலாம்.

பேச்சிலும் இதே ஒழுக்கம் வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து களத்துக்குப் போகும் ஒரு சாதாரண உரையாடலைப் பாருங்கள்:

“குமார், இரண்டாம் அலகு, நீரூட்டு பம்ப் இரண்டு-பிராவோ, வெளியேற்ற வால்வை மூடுங்க.”

“இரண்டாம் அலகு, நீரூட்டு பம்ப் இரண்டு-பிராவோ, வெளியேற்ற வால்வை மூடணும், சார்.”

“ஆமாம், அதுதான். மூடுங்க.”

மூன்றாவது வரியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். அதைச் சொல்லும்வரை குமார் வால்வில் கை வைக்கக் கூடாது. ‘பி’ என்று சொல்லாமல் ‘பிராவோ’ என்பது ஏன் என்று கேட்பவரை, காதடைப்பான் போட்டுக்கொண்டு பம்ப் அறையில் ஒருமுறை நிற்கவைத்து ‘பி’, ‘டி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘சரி’, ‘ஓகே’, ‘புரிஞ்சுது’ ஆகிய மூன்று சொற்களும் கேட்டவருக்கு என்ன புரிந்தது என்று சொல்வதில்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். த்ரீ மைல் ஐலண்டில் துணை நீரூட்டுக்கான இரண்டு வால்வுகள் மூடிக்கிடந்தன. இரண்டு நாட்களுக்கு முன் சோதனை நடந்திருந்தது. அவை மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பராமரிப்புச் சீட்டு ஒன்று தொங்கி மறைத்துக்கொண்டிருந்தது. விபத்து தொடங்கி எட்டு நிமிடம் ஆனபின்தான் கண்டுபிடித்தார்கள். செர்னோபிலில் 1986 ஏப்ரல் 25 பகலில் நடக்க வேண்டிய சோதனை, மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தேவைப்பட்டதால் இரவுக்குத் தள்ளிப்போய், அதற்குத் தயாராகாத நள்ளிரவுக் குழுவின் கையில் வந்து சேர்ந்தது. அந்த விபத்தில் முதலில் எல்லாப் பழியும் ஆபரேட்டர்கள் மேல் விழுந்தது. 1992இல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு தன் பார்வையைத் திருத்திக்கொண்டு, உலையின் வடிவமைப்புக் குறைகளுக்கும், அவற்றை ஆபரேட்டர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்கும் அதிக எடை கொடுத்தது. பணி ஒப்படைக்கும்போது ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல்லுக்குத் தடை விதியுங்கள். இருவரும் பேனலோரம் சேர்ந்து நடந்து, இயல்புக்கு மாறான ஒவ்வொன்றையும், தொங்கும் ஒவ்வொரு சீட்டையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

ஒப்படைப்பில் ஆபத்து மட்டுமல்ல, ஒரு வரமும் உண்டு. ஒரு குழு ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதற்கு எதிரான சான்றுகளையும் அந்த முடிவுக்கு ஏற்பவே விளக்கிக்கொள்ளும். உள்ளிருந்தே அதிலிருந்து மீள்வது மிக அரிது. த்ரீ மைல் ஐலண்டில் வழியடைப்பு வால்வு மூடப்பட்டதற்குக் காரணம், அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளரின் புதிய பார்வை. அதன்பின் அமெரிக்க நிலையங்களில் ஷிப்ட் தொழில்நுட்ப ஆலோசகர் என்ற பதவி கட்டாயமாக்கப்பட்டது: பேனலில் கை வைக்காமல், இரண்டடி தள்ளி நின்று யோசிப்பவர். அத்தகைய பதவி இல்லாத இடத்திலும், நெருக்கடியில் ஒருவரை ‘நீங்கள் எதையும் தொடாதீர்கள், நாங்கள் எங்கே தவறாக நினைக்கிறோம் என்று மட்டும் பாருங்கள்’ என்று நியமிக்க முடியும்.

களைப்பும் மெல்ல நகரும் விதிகளும்

களைப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை; கணக்கெடுங்கள், போதும். அமெரிக்க விதிகளின்படி 24 மணி நேரத்தில் 16 மணிக்கும், 48 மணி நேரத்தில் 26 மணிக்கும், ஏழு நாட்களில் 72 மணிக்கும் மேல் ஒருவர் பணிசெய்யக் கூடாது. நிகழ்வுக்கு முந்தைய ஒரு வாரத்துக்கு அவர் உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று, தண்டனை பயமின்றிச் சொல்லும் சூழலில், கேட்டு எழுதுங்கள். 1987 மார்ச் 31 அன்று பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் நிலையத்தை மூடும்படி அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டதற்குக் காரணம், கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர்கள் தூங்கியது. அது ஓரிருவரின் சோம்பல் என்று முடித்துவிட முடியாதபடி, அறையில் இருந்த மற்றவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

விதிமீறலை ஆராயும்போது கேட்க வேண்டியது, இது எப்போதிலிருந்து இப்படி நடக்கிறது என்பதே. 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோக்காய்முராவில், மின்நிலையத்தில் அல்ல, எரிபொருள் தயாரிக்கும் ஆலையில், பணியாளர்கள் செறிவூட்டிய யுரேனியக் கரைசலை எஃகு வாளிகளில் எடுத்து, அதற்கு உரியதல்லாத தொட்டியில் ஊற்றியபோது கட்டுப்பாடற்ற தொடர்வினை தொடங்கியது, இருவர் இறந்தனர். வாளி அன்று புதிதாக வந்ததல்ல. அனுமதி பெறாத அந்த முறையை நிறுவனமே தன் கையேட்டில் முன்பே எழுதிவைத்திருந்தது. அன்று செய்தது அதிலிருந்து இன்னும் ஒரு படி தள்ளி. த்ரீ மைல் ஐலண்டிலும் இப்படி ஒன்று உண்டு: அழுத்தம் தணிக்கும் வால்வுக்குப் பின்னுள்ள குழாயின் வெப்பநிலை ஏறினால் வழியடைப்பு வால்வை மூட வேண்டும் என்று கையேடு சொன்னது, ஆனால் முன்பிருந்தே சிறு கசிவு இருந்ததால் அந்த வெப்பநிலை எப்போதும் அதிகமாகவே இருந்தது, அதோடு வாழப் பழகிவிட்டார்கள். விபத்தன்று அதிக வெப்பநிலையைக் கண்டும் அது யாரையும் உலுக்காததற்கு இதுவே காரணம்.

மாற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். அதே தகுதியும் அனுபவமும் உள்ள மூன்று நான்கு பேரிடம், முடிவைச் சொல்லாமல், மூன்றாவது பத்தியை மட்டும் காட்டி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்களும் அதையே செய்திருப்பார்கள் என்றால், தண்டிப்பதற்கு ஆளே இல்லை. சம்பந்தப்பட்டவரிடம் பேசும்போதும் ‘ஏன் அதைப் பார்க்கவில்லை’ என்று தொடங்காமல், ‘அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்’ என்று தொடங்குங்கள். முடிந்தால் சிமுலேட்டரின் முன் நிறுத்திக் கேளுங்கள். வாய் மறந்ததைக் கை நினைவுபடுத்தும். சிறு தவறுகளையும், நடக்கவிருந்து தப்பியவற்றையும் மக்கள் தாமாக வந்து சொல்லும் நிலையமே நீங்கள் உருவாக்க வேண்டியது. 1977 செப்டம்பர் 24 அன்று அதே டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், பின்னாளில் த்ரீ மைல் ஐலண்டில் சிக்கிய அதே வகை வால்வு அதேபோல் திறந்தபடி சிக்கியது. உலை குறைந்த திறனில் இயங்கியதாலும், ஆபரேட்டர்கள் இருபது நிமிடங்களில் கண்டுபிடித்ததாலும் சேதமின்றித் தப்பியது. அந்தச் செய்தி உரிய வடிவில் த்ரீ மைல் ஐலண்டின் ஆபரேட்டர்களிடம் போய்ச் சேரவே இல்லை.

பரிந்துரை எழுதுவதும் திரும்பிப் போவதும்

பரிந்துரைகளை ஒரு வரிசையில் எழுதுங்கள். அந்தப் பிழை நிகழவே முடியாதபடி சாதனத்தை மாற்ற முடியுமா? முடியாதென்றால், நிகழ்ந்தாலும் தீங்கு வராதபடி தடுப்பு வைக்க முடியுமா? அதுவும் இல்லையென்றால், உடனே கண்ணில் படும்படி செய்ய முடியுமா? இந்த மூன்றுக்கும் இல்லை என்ற விடையைக் காரணத்தோடு எழுதியபின்தான் கையேட்டுத் திருத்தத்துக்கும், அதற்கும் பின்னால்தான் பயிற்சிக்கும் போக வேண்டும். செலவு குறைவு என்பதால் எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். நிர்வாகம் அப்படிச் செய்ய விரும்பினால் செய்யட்டும், ஆனால் மேலே உள்ள மூன்றும் ஏன் விடப்பட்டன என்பது கையொப்பத்தோடு காகிதத்தில் இருக்க வேண்டும்.

மாற்றம் செய்து மூன்று மாதம் கழித்து, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், அதிகாலை மூன்று மணிக்கு அந்தப் பேனலுக்குத் திரும்பிப் போங்கள். விசாரணையில் இல்லாத ஓர் ஆபரேட்டரை அழைத்து, புதிய பொத்தானை, புதிய விளக்கை, புதிய படியை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பேசாமல் பாருங்கள். புதிய பெயர்ப்பலகைக்குக் கீழே ஏற்கெனவே யாராவது கையால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கக் கூடும். அதைக் கிழிக்காமல், எழுதியவர் யாரென்று கேட்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, புதிய தாளொன்றில் மறுபடி மூன்று பத்திகளைப் போடுங்கள்.